வீடு பள்ளியானால் வேலி எது?

குழந்தை யாருடையது? பெற்றவர்க்கு உரியதா, ஆள்பவர்க்கு உரியதா? இக் கேள்விக்கு விடை காணுமுன்பே சில குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டன. இது வறுமையில் நலிந்த நாட்டிலோ, கொடுங்கோலன் ஆண்ட நாட்டிலோ நிகழ்ந்ததன்று. குடியாட்சிக்கும் கல்விக்கும் எடுத்துக்காட்டென்று உலகோர் விரல்நீட்டிக் காட்டும் சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது.

சுவீடன் பேரவை 2010-ஆம் ஆண்டில் புதிய பள்ளிச் சட்டமொன்றை இயற்றியது. 2011 சூலைத் திங்கள் முதல் அது நடப்புக்கு வந்தது. அதற்குமுன், பள்ளிக் கல்விக்கு ஈடான கல்வியை வீட்டிலேயே தர இயலும் என்று காட்டிய பெற்றோர்க்கு ஊராட்சியின் ஒப்புதல் கிடைத்து வந்தது. புதுச் சட்டமோ அதனோடு நில்லாது, 'தனிப்பெருங் கரணியம்' ஒன்றும் இருத்தல் வேண்டும் என்று கதவுக்கு இரண்டாம் பூட்டையும் மாட்டியது. சமய நம்பிக்கையோ, கல்வி பற்றிய பெற்றோரின் கொள்கையோ அத்தகைய கரணியம் ஆகா. மீறுவோர்க்குத் தண்டத் தொகை. வீட்டுக்கல்வி அமைப்பின் தலைவராயிருந்தவரே 2012-இல் தம் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். வேறு சில குடும்பங்களும் அதே கடல்வழியைப் பிடித்தன.

அவர்கள் சென்று சேர்ந்த இடந்தான் நாம் கூர்ந்து நோக்கத் தக்கது. சுவீடனின் கிழக்குக் கரைக்கும் பின்லாந்தின் தென்மேற்குக் கரைக்கும் இடையே பால்டிக்குக் கடலில் ஓலாந்து என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. பாறைத்திட்டுகளையும் சேர்த்தெண்ணினால் தீவுகள் 6,000-க்கும் மேற்பட்டவை. மக்கள் வாழ்பவை 60-ஐ ஒட்டியவை. மக்கள்தொகையோ ஏறத்தாழ 30,000. நம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் அடங்கிவிடக்கூடிய எண்ணிக்கை! தலைநகர் மரியேகாமன். சுவீடன் கரையிலுள்ள கிரிசல்காமனில் கப்பலேறினால் இரண்டு மணி நேரத்தில் ஓலாந்தின் எக்கரோவில் இறங்கிவிடலாம். ஆயினும் அஃது அயல்நாடு. பின்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட மண். பின்லாந்தின் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது கல்வியையேயன்றிப் பள்ளிக்கூடத்து இருக்கையை அன்று. அவர்கள் சென்றபோது ஓலாந்தின் சட்டமும் அந் நெறியதே. குழந்தை கற்கின்றதா என்று பார்ப்பது ஊராட்சியின் கடமை. எங்கே அமர்ந்து கற்பது என்பது பெற்றோரின் விருப்பம். இவ் வேறுபாடு ஒரு சொல்லின் வேறுபாடாகத் தோன்றலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் குடும்பங்கள் கடல் கடந்தன.

ஐந்தாறு குழந்தைகள் உள்ள அத்தகைய வீடொன்றில் நாள் எவ்வாறு நகரும்? மணியோசை இல்லை, வரிசையில் நிற்றல் இல்லை. மாரிக் காலத்தில் கதிரவன் காலை ஒன்பது மணிக்கு மேல் எழுந்து பிற்பகல் மூன்று மணியளவில் மறைந்துவிடும் நாடு அது. இருட்டிலேயே அடுப்பு எரியத் தொடங்கும். தாய் மாவு பிசைவாள். எட்டு அகவைப் பையன் அளந்து கொட்டுவான். நான்கு அகவைச் சிறுமி கொட்டியதை எண்ணுவாள். ஆறு பேர்க்குரிய உரொட்டிக்கு இத்தனைக் குவளை மாவென்றால், பாட்டியும் சிற்றப்பனும் வரும் நாளில் எத்தனை? கணக்குப் பாடம் அங்கே முடிந்தது. உணவுப் பலகையைத் துடைத்துவிட்டால் அதுவே எழுதுபலகை. மூத்தவள் ஓரத்தில் அமர்ந்து வரலாறு படிப்பாள். அடுத்தவன் எழுத்துக்கூட்டும் தம்பிக்கு ஒலிதிருத்துவான். பள்ளிக்கூடம் அகவையால் பிள்ளைகளைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்குகின்றது. வீடோ பெரியவன் சிறியவனுக்குச் சொல்லித்தரும்போது இருவரையும் ஒருங்கே கற்பிக்கின்றது. கற்பித்தவன் கற்றதை மறப்பதில்லை என்பது திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை வைத்திருந்த நம் முன்னோர் அறியாததன்று.

நண்பகலில் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வெளியே. கோடையிறுதியில் காட்டில் நீலச் சிறுபழங்களும் காளான்களும் பறிப்பர். எக் காளான் உண்ணத்தக்கது, எது நஞ்சு என்று அறிவது தேர்வுத் தாளில் விடை எழுதுவதைவிட உயர்ந்த தேர்ச்சி; ஏனெனில் அதில் தவறினால் குறைவது மதிப்பெண் அன்று, உயிர். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் தோட்டங்களில் வேலை. பின்லாந்தில் விளையும் ஆப்பிள்களில் பெரும்பகுதி இத் தீவுகளிலிருந்து வருவது. மாலையில் தந்தை உரக்கப் படிப்பார். தைப்பவள் தைத்துக்கொண்டும், மரம் செதுக்குபவன் செதுக்கிக்கொண்டும் கேட்பர். விழா நாளில் ஓலாந்துக்கே உரிய தடித்த அப்பம் உண்டு. கோதுமை நொய்க் கஞ்சியிலோ அரிசிக் கஞ்சியிலோ முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்டு, உலர்ந்த பிளம் பழக் கூழோடு உண்பது. அதற்கு மணம் ஊட்டுவது எது தெரியுமோ? ஏலம்! மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலம் வடகடல் தீவின் அடுக்களை வரை சென்று, அங்குள்ளோரின் தேசிய உணவில் குடியேறியிருக்கின்றது. சரக்கு சென்ற தொலைவுக்குச் சொல் செல்லவில்லை, அஃது இருக்கட்டும்.

இவ் வாழ்க்கையை ஏடுகளில் ஓவியமாகத் தீட்டிக் காட்டுவோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். அந்த உரொட்டியைப் பிசையும் கை, ஆறு குழந்தைகளுக்குத் துவைக்கும் கையும் ஆகும். நள்ளிரவில் மறுநாட் பாடத்தைப் பார்த்துவைக்கும் கையும் அதுவே. வீட்டுக்கல்வி என்பது பெரும்பாலும் தாய்க்கல்வி. அத் தாய்க்கு ஊதியமும் இல்லை, விடுமுறையும் இல்லை. அவள் களைத்துச் சாயும்போது அந்தச் சுமை மூத்த மகளின் தோளில் ஏறுகின்றது. பன்னிரண்டு அகவையில் ஒரு பெண் தம்பி தங்கையர்க்கு ஆசிரியையும் செவிலியும் சமையற்காரியும் ஆகிவிட்டால், அவள் தனக்கென்று கற்பது எப்போது? பெரிய குடும்பத்தில் வீட்டுக்கல்வி வெற்றிபெற்றதா என்று அறியக் கடைக்குட்டியின் அறிவை அளக்கக் கூடாது. மூத்தவளின் அறிவையே அளத்தல் வேண்டும். ஊராட்சி அலுவலர் வந்து பார்ப்பதைச் சில பெற்றோர் இழிவாகக் கருதுகின்றனர். கருதத் தேவையில்லை. அந்த மூத்தவளுக்காகவேனும் ஒருவர் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

இனி, நம் நெஞ்சை உண்மையில் தொடும் செய்திக்கு வருவோம். அக் குடும்பங்கள் ஏன் ஓலாந்தைத் தேர்ந்தன? சட்டம் இடங்கொடுத்தது என்பது பாதி விடை. சட்டம் இடங்கொடுத்த நாடுகள் பிறவும் உள. இங்கிலாந்து இல்லையா, தென்மார்க்கு இல்லையா? மறுபாதி விடை, ஓலாந்தின் மொழி சுவீடியம் என்பது. நாடு மாறியும் நாவு மாறவில்லை. கடைக்காரரும், கப்பல் மாலுமியும், பக்கத்து வீட்டுப் பாட்டியும், கல்வியைப் பார்வையிட வரும் அலுவலரும் பேசுவது குழந்தையின் தாய்மொழி. ஆகவே, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் கற்ற சொல் தெருவில் வாழ்ந்தது; தெருவில் கேட்ட சொல் வீட்டுக்குள் வந்து வளர்ந்தது.

பின்லாந்தின் பெரும்பான்மையோர் பேசுவது பின்னிய மொழி. அந் நாட்டுக்குள் ஒரு தீவுக்கூட்டம் மட்டும் சுவீடியத்தைத் தன் ஒரே ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டிருப்பது எவ்வாறு? தானாக வாய்த்ததா? இல்லை. 1809-இல் சுவீடன் போரில் தோற்று, பின்லாந்தோடு சேர்த்து ஓலாந்தையும் உருசியப் பேரரசனிடம் இழந்தது. 1917-இல் பின்லாந்து விடுதலை பெற்றபோது ஓலாந்து மக்கள், தாங்கள் மீண்டும் சுவீடனோடு சேரவேண்டும் என்று பெருந்திரளாகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தனர். வழக்கு உலக நாடுகளின் கழகத்துக்குச் சென்றது. 1921 சூன் திங்களில் அக் கழகம், ஓலாந்து பின்லாந்துக்கே உரியது. ஆயின், அம் மக்களின் சுவீடிய மொழிக்கும் பண்பாட்டுக்கும் பின்லாந்து உறுதி தரவேண்டும் என்று முடிவு செய்தது. கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்ததை அவர்கள் எவ்வாறு இறுகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் பாருங்கள்.

1922-இல் அவர்களுடைய பேரவை கூடியது. தன்னாட்சிச் சட்டம் 1951-இலும் 1991-இலும் மீண்டும் புதுக்கப்பட்டது. பொதுப்பணத்தால் நடைபெறும் பள்ளிகளில் பயிற்றுமொழி சுவீடியம். தலைநகர் எல்சிங்கியிலிருந்து வரும் அரசு மடல் சுவீடியத்தில் வரவேண்டும். ஓலாந்துப் பள்ளிகளில் பின்னிய மொழி, நாட்டின் பெரும்பான்மை மொழியாயிருந்தும், விருப்பப் பாடமே! இந்தியைக் கட்டாயமாக்கினாலன்றி ஒருமைப்பாடு உடைந்துவிடும் என்று நமக்கு ஓதுவோர் இந்த ஒரு வரியை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பின்லாந்து உடைந்துவிடவில்லை.

மொழியைக் காக்க அவர்கள் கட்டிய வேலி மண்ணிலிருந்து தொடங்குகின்றது. 'தாயக உரிமை' என்று ஒன்று உண்டு. அவ்வுரிமை இல்லாதவர் ஓலாந்தில் விரும்பியவாறு நிலம் வாங்க முடியாது. அதன் பேரவைத் தேர்தலில் வாக்களிக்கவும் முடியாது. வெளியிலிருந்து வந்தவர் அதனைப் பெறவேண்டுமாயின், பின்லாந்துக் குடியுரிமை வேண்டும். ஐந்தாண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். சுவீடியம் போதிய அளவு தெரிந்திருக்கவும் வேண்டும். ஐந்தாண்டு வெளியே வாழ்ந்துவிட்டால், பிறந்த மகனும் அவ்வுரிமையை இழப்பான். சுவீடனிலிருந்து வந்த நம் வீட்டுக்கல்விக் குடும்பங்கட்கும், ஒரே மொழியினர் என்பதற்காக இதில் தளர்வு இல்லை. முப்பதினாயிரம் பேர் தங்கள் நிலத்தையும் நாவையும் ஒரே முடிச்சாகப் போட்டுவைத்திருக்கின்றனர்!

இதனோடு ஒப்பிடத் தக்க மற்றொரு குடும்பத்தின் வரலாறும் உண்டு. அது செருமானியக் குடும்பம், தந்தை இசையாசிரியர், கிறித்துவ நம்பிக்கையில் ஊன்றியவர்கள். செருமனியில் வீட்டுக்கல்விக்கு இடமே இல்லை. அது இட்லர் இட்ட சட்டம் என்று வீட்டுக்கல்வியினர் அடிக்கடி கூறுவர். 1938-ஆம் ஆண்டுச் சட்டம் உண்மைதான். ஆயின், பள்ளிக் கட்டாயம் 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியற் சட்டத்திலேயே இருந்தது. எதிரியின் பெயரைச் சொல்லி வழக்கை எளிதாக்கிக் கொள்ளக் கூடாது. குமுகாயத்துக்குள் தனித்தனிக் குமுகாயங்கள் முளைத்துவிடும் என்பது செருமானிய அரசின் வாதம். 2006-இல் ஐரோப்பிய மாந்த உரிமை முறைமன்றம் அதனை ஏற்றது. 2013-இல் வேறொரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளை அலுவலர்கள் மூன்று கிழமை பிரித்து வைத்தனர். அதுவும் உரிமைமீறல் ஆகாது என்று 2019-இல் அதே மன்றம் தீர்ப்புரைத்தது. தாயின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிச் சென்று நன்மை செய்யப்போவதாகச் சொல்லும் அரசை எவரும் அஞ்சத்தான் வேண்டும்.

இசையாசிரியரின் குடும்பம் 2008-இல் ஐந்து குழந்தைகளோடு அமெரிக்காவின் தென்னசி மாநிலத்தில் தஞ்சம் புகுந்தது. 2010-இல் ஒரு நடுவர் அடைக்கலம் தந்தார். மேலமைப்புகள் அதனை மறுத்தன. 2014 மார்ச்சுத் திங்களில் உச்ச முறைமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. மறுநாளே அரசு அவர்களை வெளியேற்றாமல் விட்டுவைத்தது. 2023-இல் மீண்டும் வெளியேற ஆயத்தமாகுமாறு சொல்லப்பட்டு, மக்கள் குரலெழுப்பியபின் ஓராண்டுத் தவணை கிடைத்தது. இதற்கிடையில் அவ் வீட்டில் மேலும் இரு குழந்தைகள் பிறந்துவிட்டன. அவர்கள் நாடிச்சென்றது சமய விடுதலையை. அதற்குத் தென்னசி ஏற்ற இடமே. ஆயின், அங்கே வீட்டுக் கதவைத் திறந்தால் கேட்பது ஆங்கிலம். கோயிலிலும், விளையாட்டுத் திடலிலும், கடையிலும் ஆங்கிலம். தாய்மொழிக்கு அங்கே வீட்டுச் சுவரே எல்லை. ஓலாந்துக்குச் சென்றவர்க்கும் இவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

புலம்பெயர்ந்த குடும்பங்களை ஆய்ந்தோர் பலரும் கண்ட உண்மை ஒன்று உண்டு. பெரிய குடும்பத்தில் முதற் குழந்தை தாய்மொழியை நன்றாகப் பேசும். அது கேட்டு வளர்ந்தது தாய் தந்தையரின் பேச்சை மட்டுமே. அக் குழந்தை வெளியே சென்று அயல்மொழியைக் கொண்டு வருகின்றது. இரண்டாம் குழந்தையோடு அது அம்மொழியிலேயே விளையாடுகின்றது. மூன்றாம், நான்காம் குழந்தைகள் பிறக்கும்போது, தொட்டிலருகே ஒலிப்பது உடன்பிறந்தாரின் அயல்மொழி. தாய் தமிழிலோ செருமானியத்திலோ கேட்பாள். கடைக்குட்டி அயல்மொழியில் விடை சொல்வான். மொழி சாவது ஒரு நாட்டில் ஒரு நாளில் அன்று. ஒரு வீட்டில், மூத்தவனுக்கும் இளையவனுக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகளில் அது செத்துவிடுகின்றது.

இதனை நம் ஈழத்து உடன்பிறப்புகள் ஐரோப்பாவில் நேரிற் கண்டனர். 1983-க்குப்பின் ஏதிலிகளாய்ச் செருமனி, பிரான்சு, நோர்வே, சுவீடன் எனச் சிதறிய அவர்கட்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலிருக்கும் எண்ணமே இல்லை. அனுப்பியாக வேண்டும், அனுப்பவும் விரும்பினர். மாற்றாக, கிழமையிறுதி நாளை எடுத்துக்கொண்டனர். செருமனியில் 'தமிழாலயம்' என்னும் பெயரில் ஊர்தோறும் வாடகைக் கூடங்களில் தமிழ் வகுப்புகளை நடத்தினர். ஐந்து நாள் அயல்மொழிப் பள்ளியில் களைத்த பிள்ளையை ஆறாம் நாளும் எழுப்பி, குளிரில் தொடர்வண்டியேற்றி அழைத்துச் சென்ற பெற்றோரும், ஊதியம் கருதாது கற்பித்த ஆசிரியையரும் செய்த பணியை எத்துணைப் போற்றினும் தகும். ஆயினும் கிழமைக்கு இரண்டு மூன்று மணி நேரம், மீதமுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளை வெல்வது எப்படி? அவ் வகுப்பு விட்டு வெளியே வந்ததும் பிள்ளைகள் தமக்குள் எம்மொழியில் பேசிக்கொண்டு நடக்கின்றனர் என்பதைக் கேட்டோர் அறிவர்.

வீட்டிலேயே முழுக் கல்வியும் தந்துவிட்டால் தமிழ் பிழைத்துவிடும் என்று ஒருசிலர் எண்ணுவதுண்டு. எண்ணுவது தவறு. வீட்டுக்குள் அடைத்து வளர்த்த மொழி, ஒரு வீட்டின் மொழியாகவே முடியும். ஓலாந்தில் வீட்டுக்கல்வி தழைத்ததென்றால், அதன் அடியில் நூறாண்டாக வேலியிட்டுக் காத்த ஒரு மொழிநிலம் இருந்தது. தமிழர்க்கு அத்தகைய நிலம் அயலில் இல்லை. தாயகத்தில் உள்ளது, அங்கும் குழந்தையை மடியில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணக் கற்பிக்காமல் 'ஒன், டூ' என்று தொடங்கும் தாயர் தெருத்தோறும் உளர். அவர்களைக் கடல் கடத்தியது யார்?

சுவீடனைக் குறைகூறிய வாயால் அதன் நன்மையையும் கூறுதல் முறை. வீட்டுக்கல்விக்குக் கதவடைத்த அந் நாடே, 1977 முதல் வந்தேறிய மக்களின் குழந்தைகட்கு அவரவர் தாய்மொழியைப் பொதுப் பள்ளிவழிக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்கின்றது. தமிழுக்கும் அதில் இடமுண்டு. ஓர் ஊராட்சியில் ஐந்து குழந்தைகள் கேட்டால், ஆசிரியரும் கிடைப்பாராயின், வகுப்பு நடத்துவது கடமை. அதற்கு இரு தகுதிகள் கேட்கின்றது சட்டம்: அம்மொழி வீட்டில் நாள்தோறும் பேசப்பட வேண்டும், குழந்தைக்கு அதில் அடிப்படை அறிவு இருக்கவேண்டும். அயலவன் எழுதிய சட்டம், தமிழ்த் தாயைப் பார்த்து, "நீ பேசியிருக்கின்றாயா?" என்று முதலில் கேட்கின்றது. பேசியவள் வீட்டுப் பிள்ளைக்கே விண்ணப்பப் படிவம்.

ஐந்து குழந்தைகள் என்பது, அந்தச் செருமானியக் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியபோது ஒரே வீட்டில் இருந்த எண்ணிக்கை. இன்று வீட்டுக்கு ஒன்றும் இரண்டுமாகப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள், ஒரே ஊரில் மூன்று வீடுகளாவது சேர்ந்து கேட்டாக வேண்டும். மூன்று வீட்டாரும் முதலில் ஒருவரோடொருவர் தமிழில் பேசிக்கொள்ள வேண்டும்.